எல்லாமே பெல்ஜியம் இல்லை, மச்சி!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய், கண்ணில் படுகிற ஏதாவது ஒரு கண்ணாடிச் சாமானைக் காட்டி, "இது என்னண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பெல்ஜியம் தம்பி!" மேலே தொங்குகிற விளக்கா? பெல்ஜியம். ஆளுயர நிலைக்கண்ணாடியா? பெல்ஜியம். ஓரமாகத் தூசி படிந்து கிடக்கும் பூ ஜாடியா? அட, அதுவும் பெல்ஜியம்தான். தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத நாடு அது. ஊரே ராத்திரி பகலாகக் கண்ணாடி ஊதிக்கொண்டே இருந்தாலும் இத்தனை வந்திருக்குமா என்பது டவுட்தான்!

முதலில் தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து சுமார் 90 கி.மீ. சென்னைப் பசங்க என்றால் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் கடைசி ஸ்டேஷன் காரைக்குடிதான், தூங்கிப் போனாலும் பயமில்லை. தெருவின் ரெண்டு பக்கமும் பழைய சாமான் கடைகள். வாசலிலேயே தேக்குத் தூண் படுத்திருக்கும். உள்ளே போனால் பித்தளை அண்டா, எனாமல் தட்டு, மரப்பாச்சி, பல்லாங்குழி, ரவிவர்மா படம், நின்றுபோன சுவர்க் கடிகாரம், யாரோ ஒருவருடைய தாத்தாவின் போட்டோ. தாத்தாவையே விற்றுவிட்டார்களா என்று பகீர் என்கிறது. (போட்டோவுக்கு இல்லை, ஃப்ரேமுக்குத்தான் கிராக்கியாம்.) இந்தக் கூட்டத்துக்கு நடுவே, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தவன் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன கண்ணாடிகள்.

இவை எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது ஊரறிந்த கதை. சுமார் 1850-ல் இருந்து 1940-கள் வரை பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் தாண்டித் தொழில் செய்த நகரத்தார், சம்பாதித்த பணத்தை ஊரில் வீடாகக் கட்டினார்கள். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், ஐரோப்பாக் கண்ணாடி என்று கப்பலில் வந்து இறங்கியது. பிறகு தொழில் சரிந்தது. ஆட்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் பட்டியல் பாட்டுக்குப் பட்டியல், வீடு பாட்டுக்கு வீடு. பிரித்து விற்பது நிற்கவில்லை. பிரிக்கிற வீட்டின் கடைசி ஸ்டாப் இந்தத் தெரு.

எனக்கு இங்கே என்ன வேலை? என் ரூம்மேட்டின் அப்பத்தா வீடு காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு ஊரில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்பது பங்கு. கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும். சாமான்களையாவது விற்றுக் கூரையைப் பார்ப்போம் என்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள். ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி அயிட்டம் பூராவும் பெல்ஜியம்னே வச்சுக்குவோம். மொத்தமா ஒரு விலை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பத்தா மட்டும் தலையாட்டவில்லை. "எது எதுன்னு தெரியாம எப்பிடிடா அள்ளிக் குடுக்கிறது? இஞ்சினீயருக்குத்தானே படிக்கிறீக, பார்த்துச் சொல்லுங்க" என்று எங்கள் ரெண்டு பேர் தலையிலும் கட்டிவிட்டார்.

நாங்கள் படிப்பது மெக்கானிக்கல். சிலபஸில் கண்ணாடி என்ற சொல்லே ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அதனால் முதல் ரெண்டு நாள் தெருவில் டியூஷன், மூன்றாம் நாள் வீட்டில் எக்ஸாம் என்று பிளான் போட்டோம். வாத்தியாராகக் கிடைத்தவர் தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். "வாங்கப் போறீகளா?" என்றார். "இல்லங்கய்யா, கத்துக்கணும்" என்றோம். ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். அவரும் வாசலில் வருகிறவர்களிடம் பெல்ஜியம் என்றுதான் சொல்கிறார் என்பது வேறு விஷயம். "கேக்குறவுகளுக்கு அதுதான் தெரியும் தம்பி. வேற பேரு சொன்னா டூப்ளிகேட்டும்பாங்க!"

டியூஷனின் முதல் பாடம்: எதையும் முதலில் முகத்தைப் பார்க்காதே, கவிழ்த்துப் பார். (வாழ்க்கைத் தத்துவம் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே கவிழ்க்கச் சொன்னார்.)

கண்ணாடிச் சாமான் பிறக்கிற விதம் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று, வாயால் ஊதியது. குழாய் நுனியில் ஊதிய உருண்டையை, அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டித் தாங்கிப் பிடித்துத்தான் வாய்ப் பக்கத்தைச் சரிசெய்வார்கள். வேலை முடிந்ததும் கம்பியைத் தட்டி எடுத்தால் அடியில் ஒரு தழும்பு நிற்கும், கிட்டத்தட்ட தொப்புள் மாதிரி. நல்ல பட்டறை என்றால் அதையும் தேய்த்து வழுவழுவென்று குழி ஆக்கிவிடும். இரண்டு, அச்சில் அழுத்தியது. 1820-களில் அமெரிக்காவில் பிடித்துக்கொண்ட முறை. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு, லீவரால் ஒரு அழுத்து. அச்சு ரெண்டு மூன்று துண்டாகத் திறக்கும் இல்லையா, அந்த இணைப்பு இருந்த இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு விழும். வொர்க்‌ஷாப்பில் ஃபவுண்டரி கிளாஸைக் கட் அடிக்காதவர்களுக்கு இது உடனே புரியும். மூன்று, பட்டை தீட்டியது. ஊதிய பாத்திரத்தைச் சுழலும் கல் சக்கரத்தில் வைத்து ஒவ்வொரு பட்டையாக அறுப்பது.

அச்சில் வந்ததும் பட்டை தீட்டியதும் ரெண்டடி தூரத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கும். வைரம் வைரமாக மின்னும். வித்தியாசம் விரலுக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பட்டையின் முனையைத் தடவ வேண்டும். அறுத்த முனை சுருக்கென்று நிற்கும். அச்சில் வந்த முனை, கரைந்த கற்கண்டு மாதிரி மழுங்கியிருக்கும். பெரியவர் ரெண்டு கிண்ணத்தை மாற்றி மாற்றிக் கையில் கொடுத்து எங்களைச் சோதித்தார். பத்தாவது தடவைக்குள் விரல் பழகிவிட்டது. இன்டர்னல் மார்க் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்!

பட்டை தீட்டுவதற்குத் தோதான கண்ணாடி கிரிஸ்டல். சாதாரணக் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்தது. மணலை மட்டும் உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடா அந்தச் சூட்டைக் குறைக்கும், சுண்ணாம்பு கண்ணாடியைத் தண்ணீரில் கரையாமல் காக்கும். கிரிஸ்டலில் ஈயம் சேரும். லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-ல் இந்த வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஈயம் சேர்ந்தால் கண்ணாடி கனக்கும், மென்மையாகி அறுக்க வசதியாகும், வெளிச்சத்தை நன்றாக உடைத்து வானவில் காட்டும். விளிம்பில் நகத்தால் சுண்டினால், கோயில் மணி ஓய்ந்த பிறகு நிற்குமே, அந்த மாதிரி ஒரு நாதம். சாதா டம்ளர் 'டக்' என்று வாயை மூடிக்கொள்ளும். சுண்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள், ப்ளீஸ். அழகாக இருக்கிறதே என்று அதில் ஊறுகாய் போட்டும் வைக்காதீர்கள். புளிப்பில் ஈயம் கசியும்.

கிரிஸ்டலில் பெல்ஜியத்துக்கு நிஜமாகவே பெரிய பேர் உண்டு. லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் 1826-ல் ஆரம்பித்த வால் சான் லாம்பேர் தொழிற்சாலை உலகப் புகழ். ஆனால் இங்கிலாந்தும் சும்மா இல்லை. பர்மிங்காமின் ஆஸ்லர் கம்பெனி 1851 லண்டன் கண்காட்சிக்குக் கண்ணாடியிலேயே ஒரு நீரூற்று செய்து வைத்தது. கல்கத்தாவில் கடையே திறந்து இந்திய ராஜாக்களுக்குச் சரவிளக்கு விற்றது. பொஹீமியா என்று அழைக்கப்பட்ட செக் பகுதி, நிறக் கண்ணாடியில் கில்லி. அடியில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்தால் அது 1918-க்குப் பிறகுதான், ஏனென்றால் அதற்கு முன் அப்படி ஒரு நாடே கிடையாது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1945-க்கும் 1952-க்கும் நடுவே. வரலாற்றுப் பரீட்சைக்குப் படித்தது ஒருவழியாக உருப்படியான வேலைக்கு வருகிறது.

பிறகு நிறம். இதற்காக ஸ்டேஷனரிக் கடையில் கள்ள நோட்டு பார்க்கிற யூ.வி. டார்ச் ஒன்று வாங்கிப் போயிருந்தோம். பெரியவர் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, எலுமிச்சை நிறத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து வைத்தார். டார்ச்சை அடித்ததும்... ஐயோ! இருட்டில் பச்சைப் பாம்பு கண் திறந்த மாதிரி ஜொலித்தது. யுரேனியம்! 1830-களில் பொஹீமியாவில் யோசஃப் ரீடல் என்பவர் கண்ணாடியில் யுரேனியம் கலந்து மஞ்சள், பச்சை என்று ரெண்டு நிறம் எடுத்து, ரெண்டுக்கும் தன் மனைவி அன்னாவின் பெயரையே வைத்தார். (காதலிக்குக் கிரீட்டிங் கார்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் கவனிக்க!) இரண்டாம் உலகப் போரில் யுரேனியத்துக்கு வேறு பயங்கர வேலை வந்ததும் கண்ணாடிக்குக் கிடைக்காமல் போனது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் ஆபத்து இல்லை, சாப்பிடப் பயன்படுத்த வேண்டாம். இன்னொரு விஷயம்: மாங்கனீஸ் கலந்த கண்ணாடியும் இந்த டார்ச்சில் மங்கலாகப் பச்சை காட்டும். மங்கலுக்கும் ஜொலிப்புக்கும் வித்தியாசம் பார்த்துவிட்டுத்தான் யுரேனியம் என்று கத்த வேண்டும்.

மாங்கனீஸ் தனிக் கதை. மணலில் கொஞ்சம் இரும்பு இருந்தாலே கண்ணாடி பச்சையடிக்கும். அந்தப் பச்சையைக் கொல்ல அந்தக் காலத்தில் மாங்கனீஸ் போட்டார்கள். கண்ணாடி பளிங்காக வெளியே வரும். ஆனால் வருஷக்கணக்காக வெயிலில் நின்றால், உள்ளே இருக்கும் மாங்கனீஸ் மெதுவாக ஊதா நிறமாக மாறும். முதல் உலகப் போர் சமயத்துக்குப் பிறகு அந்த இடத்தை செலினியம் பிடித்தது; அது லேசான வைக்கோல் நிறம் காட்டும். ஆகவே முற்றத்து வெயிலில் தொங்கி இளஊதாவாகிப்போன ஒரு விளக்குக் கூண்டு, தன் வயசைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. 'கறை பிடிச்சிருச்சு' என்று ஆசிட் போட்டுத் தேய்த்தவர்களும் உண்டாம். தேய்த்தால் போகாது, அது கறையே இல்லை.

நிலைக்கண்ணாடிக்கு வந்தால் பின்பக்கம்தான் எல்லாம். பழைய முறையில் வெள்ளீயத் தகட்டில் பாதரசம் ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை வைத்து அழுத்துவார்கள். 1835-ல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், கண்ணாடிமேல் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1900 வாக்கில் பாதரசம் கிட்டத்தட்ட ஓய்ந்தது. பாதரசக் கண்ணாடியில் முகம் கொஞ்சம் சாம்பல் நீலமாக, மழைக்கால மத்தியானம் மாதிரித் தெரியும். வயசானால் பின்னால் உப்புப் பூத்த மாதிரிப் பொடிப்பொடியாக மினுங்கும். வெள்ளிக் கண்ணாடியில் முகம் பளிச். வயசானால் பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி விழும். பாதரச வகையின் முதுகைச் சுரண்டிப் பார்க்காதீர்கள், விஷம்.

ஜன்னல் கண்ணாடிக்கும் இப்படி ஒரு ஜாதகம் உண்டு. பெரிய உருளையாக ஊதி, நீளவாக்கில் கீறி, சூட்டில் விரித்துத் தட்டையாக்கியது பழசு. அதன் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தபடி தலையை அசைத்தால், எதிர்வீடு குளத்துத் தண்ணீரில் தெரிவதுபோல் நெளியும். இங்கேதான் பெல்ஜியத்துக்கு ஒரு சல்யூட் அடிக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி ஏற்றுமதியில் அந்தக் காலத்தில் அவர்கள்தான் தாதா. கண்ணாடியைத் தகடாகவே மேலே இழுக்கும் இயந்திரத்தைச் செய்த எமில் ஃபூர்கோ பெல்ஜியம் இன்ஜினீயர்தான். 1914-ல் அது தொழிற்சாலைக்கு வந்தது. 1959-ல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிடும் முறையை அறிவித்ததும் நெளிவுக்கே முடிவு வந்தது. 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய செயின்ட் கோபைன் தொழிற்சாலை இந்த முறைதான். நெளியாத ஜன்னல் கண்ணாடியை 'நூறு வருஷம்' என்று யாராவது விற்றால், டீக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடையின் மூலையில் ஒரு கூடை நிறையப் பச்சை பாட்டில்கள். நம்ம கோலி சோடா! இது பெல்ஜியம் என்று யாரும் சொல்லவில்லை என்பதே பெரிய நிம்மதி. 1870-களின் ஆரம்பத்தில் காப்புரிமை வாங்கியவர் ஹிரம் காட் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர். மூடியே கிடையாது. பாட்டிலைத் தலைகீழாக்கி கேஸ் ஏற்றினால், அழுத்தம் கோலியைக் கழுத்திலிருக்கும் ரப்பர் வளையத்தில் போய் ஒட்டவைத்துவிடும். உள்ளே இருக்கும் அழுத்தமே தாழ்ப்பாள். எவ்வளவு எளிமையான டிசைன்! கழுத்தில் ரெண்டு பள்ளம் எதற்குத் தெரியுமா? சாய்த்துக் குடிக்கும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல், பள்ளத்தில் போய் உட்கார. அதனால் பள்ளம் கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்த பாட்டில் மியூசியப் பொருளாகிவிட்டது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. நமக்கோ 2014-ல் சினிமாத் தலைப்பு. 2017-ல் வெளிநாட்டுக் குளிர்பானங்களைக் கடைக்காரர்கள் புறக்கணித்தபோது மறுபடி ஹீரோ. பழசு வாங்குவதானால் உடலில் சோடா கம்பெனியின் பேர் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கோலிக்காகப் பசங்கள் உடைத்தது போக மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மற்ற பாட்டில்களில் அச்சுக் கோட்டைத் தொடர்ந்து மேலே போங்கள். கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால், வாயைக் கையால் சரிசெய்திருக்கிறார்கள். வாயின் உச்சிவரை ஏறினால் முழுக்க இயந்திரம். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903-ல் வந்ததற்குப் பிந்தைய காலம்.

போலிகளைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் சிரித்தார். "பழசுன்னா அடியில கீறல் இருக்கணும் தம்பி. அம்பது வருஷம் மேசையில இழுத்து இழுத்து வச்ச கீறல். தாறுமாறா இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேச்சா எல்லாம் ஒரே பக்கமா ஓடும்." அந்த ஒரு பாடத்துக்கே அவருக்கு ஃபீஸ் கொடுக்கலாம்.

மூன்றாம் நாள் வீடு. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு என்று நடந்துகொண்டே இருந்தோம், வீடு முடியவில்லை. பாதி சினிமாக்களில் பார்த்த வீடு மாதிரியே இருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு, நீலம், மஞ்சள் கண்ணாடிகள். உடைந்த ஒரு சிவப்புச் சில்லின் ஓரத்தைப் பார்த்தால், உள்ளே வெள்ளைக் கண்ணாடி, மேலே மட்டும் சிவப்புத் தோல். செம்பு கலந்த சிவப்பைத் தடியாக வார்த்தால் கறுப்பாகிவிடும் என்பதால் இப்படித் தோல் போர்த்துவார்களாம். முகப்பில் ரெண்டு பெரிய நிலைக்கண்ணாடி. ஒன்றின் பின்பலகையில் பாதி கிழிந்த காகிதம், அதில் 'ஆன்ட்வெர்ப்' என்ற துறைமுகத்தின் பெயர். சரி, பெல்ஜியத்திலிருந்து கப்பல் ஏறியது உறுதி! வெள்ளி வகை, ஓரத்தில் ரெண்டு விரல் அகலத்துக்குச் சாய்வாகத் தீட்டியது. சரவிளக்கில் மேல் வரிசைத் தொங்கல்கள் சுருக்கென்ற கிரிஸ்டல், கீழ் வரிசை மழுங்கல். எப்போதோ உடைந்ததற்கு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பெட்டக அறை அலமாரியில்தான் விஷயம் இருந்தது. மேல் தட்டில் பட்டை தீட்டிய கிண்ணங்கள், டார்ச்சில் ஜொலித்த ரெண்டு பழத்தட்டு, நிற ஜாடிகள். நடுத் தட்டில் சுமாரான அச்சுச் சாமான்கள், சிலதில் ஜப்பான் முத்திரை. முதல் உலகப் போரில் ஐரோப்பாக் கப்பல்கள் நின்றபோது ஜப்பான் சரக்கு இந்தியச் சந்தைக்குள் புகுந்தது. கண்ணாடியும் அதில் உண்டு. கீழ்த் தட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஆறு டம்ளர். தடிமனாக, கொஞ்சம் கோணலாக, ஆனால் மேலே பெட்ரோல் சிந்திய மழைத்தண்ணீர் மாதிரி ஏழு வர்ணமும் ஓடியது. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேபில் நியூட்டன் வளையம் பார்த்தோமே, அதே சமாசாரம்தான். சூடாக இருக்கும்போதே உலோக உப்பைத் தெளித்தால் மேலே மெல்லிய படலம் விழும். வெளிச்சம் அதில் பட்டு வர்ணமாகப் பிரியும்.

இதற்கு கார்னிவல் கண்ணாடி என்று பேர். 1907 வாக்கில் அமெரிக்காவில் ஃபென்டன் கம்பெனி ஆரம்பித்தது. டிஃபனியின் காஸ்ட்லியான வர்ணக் கண்ணாடிக்கு ஏழைகளின் பதில். பிற்பாடு திருவிழாக்களில் பரிசாக அள்ளிக் கொடுக்கும் அளவுக்கு மலிந்ததால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இன்று அதற்கென்றே சங்கம் வைத்துச் சேகரிக்கிறார்கள். 1930-களின் நெருக்கடியில் ஓட்ஸ் டப்பாவுக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்த இளஞ்சிவப்பு, பச்சை மெஷின் தட்டுகளுக்கும் அங்கே இதே மவுசு. ஆனால் அப்பத்தாவின் டம்ளர் அமெரிக்கா இல்லை. கவிழ்த்தால் அடியில் 'ஜெயின்' என்று ஆங்கிலத்தில் புடைத்திருந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத். வளையலுக்குப் பேர் போன அதே ஊர்!

"இது எப்ப வந்துச்சு ஆச்சி?" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் ஒரு டம்ளரை வாங்கி முந்தானையால் துடைத்தார். "மேல இருக்கிறதெல்லாம் எங்க மாமனார் பர்மாவுல கடை வச்சிருந்தப்ப வாங்கினது. ஜப்பான்காரன் ரங்கூனைப் புடிச்சதும் நடந்தே ஊருக்கு வந்துட்டாக. அதுக்கப்பறம் கப்பல் சாமான் ஏது? நான் கல்யாணமாகி வந்தப்ப காபி குடுக்க நல்ல டம்ளர் இல்லைன்னு எங்க மாமியா காரைக்குடியில வாங்கினாக. தவணைக்கு வாங்கினாகன்னு பின்னாடிதான் தெரியும்."

ரங்கூன் விழுந்தது 1942 மார்ச்சில். 1948-ல் விடுதலையடைந்த பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அது எங்களுக்குப் புத்தகத்தில் ரெண்டு வரி. இங்கே மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவே மூன்று அடி. நண்பன் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் பேசாமல் நின்றான். 'மொத்தமா ஒரு விலை' என்று போயிருந்தால் இந்த ஆறு டம்ளரும் பெல்ஜியமாகி, கிரிஸ்டல் கிண்ணத்தோடு ஒரே வைக்கோல் பெட்டியில் ஏறியிருக்கும்.

அன்று சாயங்காலம் வரை எழுதினோம். எண்பது பக்க நோட்டில் மொத்தம் 61 வரி. என்ன பொருள், ஊதியதா அச்சா அறுத்ததா, டார்ச்சில் என்ன நிறம், அடியில் என்ன எழுத்து, விரிசல் உண்டா, ஆச்சிக்கு என்ன ஞாபகம். கடைசிப் பத்தி நிரப்பத்தான் நேரம் பிடித்தது. உறுதியாக பெல்ஜியம் என்று எழுத முடிந்தது ஒரே ஒரு இடத்தில், அதுவும் 'கப்பல் ஏறியது பெல்ஜியம்' என்று.

ஒரு சட்ட விஷயமும் நோட்டில் ஏறியது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள், தொல்பொருள் கணக்கில் வரும். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. முகப்பு நிலைக்கண்ணாடி வீடு கட்டும்போதே வந்தது என்பதால் நூறு தாண்டிவிட்டது. கோலாலம்பூரில் இருக்கும் பங்காளி ஒருவர், "எனக்கு அதை அனுப்பி வைங்கப்பா" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். அவருக்கு போட்டோவும், கூடவே சட்டத்தின் பெயரும் அனுப்பினோம். ரெண்டு நீல டிக் மட்டும் வந்தது.

மறுநாள் காலை வியாபாரி வந்தார். நண்பன் நோட்டை நீட்டினான். திட்டுவார் என்று நினைத்தோம். மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 61 வரியையும் நிதானமாகப் படித்தார். நடுவில் எழுந்து போய் ரெண்டு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்து, தானே தலையாட்டிக்கொண்டார். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை சொல்ல ஆரம்பித்தார். கூட்டிப் பார்த்தால் முன்பு சொன்ன மொத்த விலையைவிட நன்றாகவே அதிகம். கூரைக்கு முழுசாகப் பத்தாது, மேற்குப் பக்கத்துக்குப் பத்தும். சரவிளக்குக்கு அவர் சொன்ன விலை குறைவு என்று நண்பனின் சித்தப்பா பிடிவாதம் பிடித்ததால் அது மட்டும் முடிவாகவில்லை. டம்ளர் வரிசை வந்தபோது அப்பத்தா நோட்டை வாங்கி, அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

டீ குடித்துவிட்டுக் கிளம்பிய வியாபாரி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த நோட்டுல ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா? நம்ம பசங்களுக்குக் காட்டணும்."